பிள்ளை ஓரிடம், பெற்றவர் ஓரிடமா?

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மாணவர் மனத்தில் எளிதில் பதிந்துவிடும் பகுதி எதுவென்று கேட்டால், மானுக்குப் பிணை நின்ற படலம் என்றே சொல்வேன். வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றான். பால் அருந்தாமல் காத்திருக்கும் கன்றின் பசியே அம்மானுக்குத் தன் உயிரினும் பெரிதாகத் தெரிகின்றது. அது கன்றுக்குப் பாலூட்டித் திரும்பும் வரையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் பிணையாக நிற்கின்றார்கள். மானும் சொன்ன சொல் தவறாது கன்றோடு திரும்பி வருகின்றது. 'பிணை' என்னும் சொல் பெண்மானையும் குறிக்கும், ஒருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பதையும் குறிக்கும் என்று வகுப்பில் எடுத்துரைக்கும்போது, பின்வரிசை மாணவரும் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கின்றேன். அப்புலவர் பெருமான் அடங்கியிருக்கும் எட்டயபுரம் நம் விளாத்திகுளத்திற்கு அண்டை ஊர் என்பதனால் நமக்கு அப்படலத்தின்மீது சற்றுக் கூடுதலான உரிமையும் உண்டு.

2022ஆம் ஆண்டில் அப்படலத்தை நடத்தி முடித்த அதே வாரத்தில் என் இளைய சகோதரியின் மகளை வழியனுப்பத் திருவனந்தபுரம் விமான நிலையத்திற்குச் செல்ல நேர்ந்தது. கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகின்றார். அவரிடம் செல்வதற்காகப் பத்துமாதக் கைக்குழந்தையோடும் நான்கு வயதுச் சிறுவனோடும் அவள் முதன்முறையாகத் தனியே பயணம் புறப்பட்டாள். வழியனுப்புவோர் நிலையத்தின் வாயிலைத் தாண்டிச் செல்லல் இயலாது. எனவே கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. "மாமா, என்னை ஒன்பதாம் வரிசையில போட்டிருக்காங்க, பிள்ளையை இருபத்துநாலுல போட்டிருக்காங்க. பக்கத்துல வேணும்னா தனியாப் பணம் கட்டணுமாம். இல்லேன்னா உள்ளே போய் யார்கிட்டயாவது கேட்டு மாத்திக்கச் சொல்றாங்க" என்றாள். பயணச்சீட்டைக் கணவர் அங்கிருந்தே தம் வங்கி அட்டையின் வழியே எடுத்து அனுப்பியிருந்தார். இவளிடம் அட்டை ஏதுமில்லை. கையிலிருந்த பணம் போதுமானதாக இருந்ததா என்று கேட்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது, தொடர்பும் துண்டிக்கப்பட்டது.

உள்ளே நடந்ததை அவள் ஊர் சேர்ந்த பின்னரே சொன்னாள். அவள் இருக்கை மூன்றனுள் நடுவிலிருந்தது. சாளரத்தின் ஓரத்தில் வேலைக்காக முதன்முறை கடல் கடக்கும் ஓர் இளைஞர். நடைபாதையின் ஓரத்தில் ஒரு முதியவர். இருவரும் அவ்விருக்கைகளுக்குத் தனிக்கட்டணம் செலுத்தியவர்கள். பணிப்பெண் மும்முறை கேட்டும் இளைஞர் எழவில்லை. சுற்றியிருந்தோர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் சாளரத்தின் பக்கமே முகத்தைத் திருப்பிக் கொண்டார். முழங்கால் வலிக்காகவே காலை நீட்ட இடம் வேண்டிப் பணம் கட்டியிருந்த அந்த முதியவர் எழுந்து, இருபத்துநான்காம் வரிசையின் நடு இருக்கைக்குச் சென்றார். "முழங்காலைத் தடவிக்கிட்டே போனார் மாமா, நான்கு மணி நேரமும் எனக்கு அதுவே நினைப்பு" என்றாள்.

அந்த முதியவரைக் கருணையாளர் என்று போற்றுவது எளிது. அந்த இளைஞரைக் கல்நெஞ்சர் என்று தூற்றுவது அதனினும் எளிது. பலரும் அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். எனக்கோ அவ்விருவரும் ஒரே தவற்றுக்கு இலக்கானவர்களாகவே தோன்றுகின்றனர். ஒருவர் பணம் கொடுத்துப் பெற்றதை இழந்தார். மற்றவர் பணம் கொடுத்துப் பெற்றதை வைத்துக்கொண்டமைக்காக ஒரு விமானம் நிறைந்த மக்களின் முன்னால் நாணினார். முதியவரிடம் பெற்ற இருக்கைக் கட்டணத்தை அந்நிறுவனம் திருப்பித் தந்ததாகத் தெரியவில்லை. தாயிடமிருந்து பிள்ளையைப் பதினைந்து வரிசைக்கு அப்பால் வைத்த செயல் எவருடையதோ, அவர் பெயர் அந்த வழக்கிலேயே அடிபடவில்லை.

விமான இருக்கைகள் இவ்வாறு துண்டுதுண்டாக விற்கப்படும் முறையை நம் பெரியோர்களுள் சிலர் அறிந்திருத்தல் அரிது. ஆதலின் ஓரிரு சொற்கள். முன்னெல்லாம் பயணச்சீட்டு என்றால் இருக்கை, பெட்டி, சிற்றுண்டி யாவும் அதனுள் அடக்கம். பின்னர் மலிவுக்கட்டண நிறுவனங்கள் பெருகியபோது, ஏறிச்செல்லும் உரிமைக்கு ஒரு விலை, விரும்பிய இருக்கைக்கு ஒரு விலை, உணவுக்கு ஒரு விலை எனப் பிரித்தனர். இவ்வாறு பிரித்து விற்பதை நம் நாட்டு அரசும் ஏற்றுள்ளது. ஆனால் பயணி தானே விரும்பிக் கேட்டாலன்றி அக்கட்டணங்களை அவர் தலையில் சுமத்துதல் ஆகாது என்பது விதி. இருக்கை எதையும் தேர்ந்தெடுக்காதவர்க்குக் கணிப்பொறியே ஓரிடம் ஒதுக்கித் தரும். தனித்துச் செல்பவருக்கு இதனால் இழப்பொன்றும் இல்லை. பெட்டியின்றிச் செல்லும் மாணவர் ஒருவர், பிறருடைய பெட்டிக்கும் சேர்த்து ஏன் பணம் கட்ட வேண்டும்? அம்முறையை நான் முற்றாக மறுக்கவில்லை.

மறுப்பதெல்லாம் ஒன்றே. இரண்டு வயது நிறையாத குழந்தை தாயின் மடியில் செல்லலாம். இரண்டு வயது நிறைந்துவிட்டால் அதற்குத் தனி இருக்கை எடுத்தே ஆகவேண்டும். இது பாதுகாப்பைக் கருதிய விதி. அவ்வாறு எடுத்த இருக்கை தாயின் அருகில் இருக்க வேண்டுமென்பது 'விருப்பம்' என்னும் கணக்கில் சேருமா? சாளரத்தின் ஓரம் விருப்பம், முன்வரிசை விருப்பம், காலை நீட்ட இடம் பெரும்பாலும் விருப்பம். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தாய் விருப்பமா? பணம் வாங்கும்போது அவனை ஒரு முழுப் பயணியாக எண்ணுகின்ற நிறுவனம், இடம் ஒதுக்கும்போது மட்டும் அவனுடைய வயதை மறந்துவிடுகின்றது.

மறந்துவிடுகின்றது என்பதும் பொருந்தாது. ஒவ்வொரு பயணியின் வயதும் கணிப்பொறிக்குத் தெரியும். அவசர வழியை ஒட்டிய வரிசையில் சிறுவர்களை அமர்த்தலாகாது என்பது அதற்குத் தெரியும். மூன்று இருக்கைகள் கொண்ட தொகுதிக்குப் பொதுவாக நான்கு உயிர்வளி முகமூடிகளே உள்ளமையால், ஒரே தொகுதியில் மடிக்குழந்தைகள் இருவரை வைக்கலாகாது என்பதும் அதற்குத் தெரியும். இத்தனையும் அறிந்து இடம் ஒதுக்கும் பொறிக்கு, நான்கு வயதுச் சிறுவனைத் தாயின் பக்கத்தில் வை என்னும் ஒரு கட்டளையை மட்டும் கற்பிக்க முடியவில்லை என்று எவரேனும் சொன்னால், நம் முதலாண்டு மாணவரும் நம்பமாட்டார். பிரித்து வைத்தால் பெற்றவர் அஞ்சிப் பணம் கட்டுவர் என்னும் கணக்கே அங்கு வேலை செய்கின்றது என்று ஐயுறுவோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

அச்சத்திற்குக் காரணமும் உண்டு. விமானம் புறப்படுமுன் பணிப்பெண் செய்துகாட்டும் விளக்கத்தை நினைத்துப் பாருங்கள். உயிர்வளி முகமூடி கீழிறங்கினால் முதலில் தாமணிந்து, பின்னர் அருகிலுள்ள குழந்தைக்கு அணிவிக்க வேண்டும் என்கின்றனர். ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் அறைக்காற்றின் அழுத்தம் குன்றுமாயின், வளர்ந்த மனிதர் தெளிவோடு செயல்படக் கிடைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். அதற்குள் ஒன்பதாம் வரிசைத் தாய் இருபத்துநான்காம் வரிசைக்கு எவ்வாறு செல்வாள்? 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், மோதித் தீப்பற்றிய பயணிகள் விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினர். அவர்களுள் சிறு குழந்தைகள் எண்மர். உலகமே வியந்த அவ்வொழுங்கு, எல்லோரும் பொருள்களை விட்டுவிட்டு ஒரே திசையில் நகர்ந்ததனால் கைகூடியது. தன் பிள்ளை பின்வரிசையில் அழுதுகொண்டிருக்க, எந்தத் தாய் முன்வாயிலை நோக்கி நகர்வாள்? அவள் எதிர்த்திசையில் செல்வாள். அந்த ஒடுங்கிய நடைபாதையில் அவளோடு பிறரும் தடைப்படுவர். ஆதலின் இது பிள்ளை பெறாதவருக்கும் உரிய செய்தி.

பணிப்பெண்கள் பார்த்துக்கொள்வர் என்பாரும் உளர். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்பதே விதிக்கும் அளவு. 180 இருக்கைகள் கொண்ட விமானத்தில் நால்வர். ஏறும்போதும் இறங்கும்போதும் அவர்களும் தத்தம் இடத்தில் வார்பூட்டி அமர வேண்டியவர்கள். எனவே உண்மையில் குழந்தை, பக்கத்தில் அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத ஒருவரின் பொறுப்பிலேயே விடப்படுகின்றது. அவர் நல்லவராயிருத்தல் பெரும்பாலும் உண்மை. பிள்ளையின் சிறுநீர்த் தேவையையும் வாந்தியையும் அழுகையையும் அவர் ஏன் சுமக்க வேண்டும்? சிலவேளை அவர் நல்லவராய் இல்லாமலும் போகலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களினின்று காக்க 2012இல் தனிச் சட்டமே இயற்றிய நாடு நம் நாடு. அத்தகைய நாட்டில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நம் ஊர்ப் பேருந்தை எடுத்துக்காட்டி ஒரு பெரியவர் என்னோடு வழக்காடினார். விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பேருந்தில் நெரிசல் மிகும்போது, நின்றிருக்கும் தாய் தன் பிள்ளையை அமர்ந்திருக்கும் எவளோ ஒருத்தியின் மடியில் இருத்துவதில்லையா? அவளும் பெயர்கூடக் கேட்காமல் அணைத்துக்கொள்வதில்லையா? அந்தப் பழக்கம் விமானத்தில் மட்டும் ஏன் கூடாது என்பது அவர் வினா. அழகிய வினா. ஆனால் அங்குத் தாய் கையெட்டும் தொலைவில் நிற்கின்றாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் அவள் முகம் தெரிகின்றது. நம் அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை கட்டணமில்லை என 2022இல் தமிழக அரசு அறிவித்தது. எந்த நடத்துநரும் தாயின் பக்கத்து இடத்திற்குத் தனிச்சீட்டுக் கிழித்ததை நாம் கண்டதுமில்லை. மக்களின் ஈரநெஞ்சம் பேருந்தில் பயன்படுவது இடமின்மையால். விமானத்தில் இடம் இருக்கின்றது. அது விற்பனைக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையை நடத்திக்கொண்டிருக்கையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் வருந்துவாளே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்னும் செய்தி புகாரியில் உள்ளது. ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்ட செய்திதான். எனினும் நாம் கவனியாத ஒன்று அதனுள் இருக்கின்றது. தாயை நோக்கி, 'பிள்ளையை ஏன் அழைத்து வந்தாய்?' என்று அவர்கள் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவரை நோக்கி, 'நீர் சற்று விலகிப் பிள்ளையைப் பாரும்' என்றும் பணிக்கவில்லை. தலைமை தாங்கி நடத்துபவர் எவரோ, அவரே தம் செயலை மாற்றிக்கொண்டார். தாயையும் சேயையும் பிரிப்போரைக் குறித்த கடும் எச்சரிக்கை திர்மிதியில் உண்டு. அதனை இங்கே இழுத்து வந்து ஒரு பயணச்சீட்டு வழக்கில் பொருத்துவது மிகையென்றே கருதுகின்றேன். சில மணி நேரப் பிரிவு வேறு, அது வேறு. தொழுகையைச் சுருக்கிய செய்தியோ இங்கு நன்றாகவே பொருந்துகின்றது.

இனி நம் அரசு செய்ததைப் பார்ப்போம். இத்தகைய முறையீடுகள் பலவாறாக எழுந்தபின், 2024ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஒரே பி.என்.ஆர். எண்ணில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலருள் ஒருவரேனும் உடனிருக்குமாறு இருக்கை ஒதுக்க வேண்டும். அதற்கான பதிவேடும் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல ஆணை. வேடனிடம் நின்ற பிணையைப் போல, இனி அந்தக் குழந்தைக்கு நிறுவனமே பொறுப்பு என்று அரசு சொல்லிவிட்டது.

ஆயினும் தமிழாசிரியனுக்கே உரிய குணம், சொல்லைத் துருவிப் பார்க்கச் சொல்கின்றது. பெற்றோர் 'உடன்' என்பதே ஆணை தரும் பொருள். உடனிகழ்ச்சியைப் பற்றி வேற்றுமையியலில் நாம் எவ்வளவோ படிக்கின்றோம். 'தாயொடு குழந்தை வந்தது' என்றால் இருவரும் வந்தனர் என்பது தெரியும். எவ்வளவு நெருக்கத்தில் வந்தனர் என்பது தெரியாது. ஒரே வரிசையில் நடைபாதைக்கு அப்பால் வைத்துவிட்டு 'உடன் வைத்தோம்' என்று ஒரு நிறுவனம் சொல்லலாம். முன்வரிசையில் தாய், பின்வரிசையில் பிள்ளை என வைத்தும் அவ்வாறே சொல்லலாம். கனடா நாடு இவ்விடத்தில் தெளிவாக இருக்கின்றது. அந்நாட்டில் 2019 டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ள விதி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பெற்றவரை ஒட்டிய இருக்கையில் அமர வேண்டும் என்கின்றது. ஐந்து முதல் பதினொரு வயது வரை அதே வரிசையில், இடையே ஓர் இருக்கைக்கு மேல் இல்லாமல். பன்னிரண்டும் பதின்மூன்றும் ஆனவர்களுக்கு ஒரு வரிசை இடைவெளி வரை. இதற்குக் கூடுதல் கட்டணமும் இல்லை. வயதுக்கேற்ப அளவு சொன்னமையால் அங்கே வழக்காட இடம் குறைவு. அமெரிக்க அரசும் 2024 ஆகஸ்டில் பதின்மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இத்தகைய விதியை முன்மொழிந்தது. நம் ஆணையிலும் ஐந்து வயது வரையிலேனும் 'ஒட்டிய இருக்கை' என்னும் சொல் இடம்பெறுதல் வேண்டும்; அவ்விருக்கைக்குக் கட்டணமில்லை என்பதும் ஐயத்திற்கு இடமின்றி எழுதப்பெறல் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் இரண்டு வரிசை தள்ளி அமர்ந்தால் வானம் இடிந்து விழாது; அவனும் அதையே விரும்பக்கூடும்.

இதனால் பிறர் கட்டணம் உயரும் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். குடும்பத்தார் கேட்பது சாளரத்தை அன்று, முன்வரிசையையும் அன்று. இருக்கிற இடங்களுள் இரண்டு சேர்ந்தாற்போல் வேண்டும், அவ்வளவே. அது கடைசி வரிசையாயினும் ஆகுக. தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிய எவரையும் எழுப்பாமல், ஏறுவதற்கு முன்பே, கணிப்பொறியிலேயே செய்துமுடிக்கத்தக்க வேலை இது. பெற்றோருக்கும் ஒரு சொல். பணம் கட்டாமல் ஏறி, பணம் கட்டியவரின் நல்ல இருக்கையைப் பிள்ளையைக் காட்டிக் கேட்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பிள்ளை அருகில் வேண்டுமென்பது உரிமை. பிள்ளையைக் காட்டிச் சாளரம் கேட்பது அந்த உரிமையில் சேராது.

ஆணை வந்தும் அது நம்மவர்க்கு எட்டவில்லை என்பதே இப்போதுள்ள பெருங்குறை. காயல்பட்டினம் முதல் வேம்பார் வரை இக்கடற்கரையில் அயல்நாட்டுப் பிழைப்போடு தொடர்பில்லாத தெரு அரிது. வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26ஆம் நாள் திறக்கப்பட்டபின் உள்நாட்டு வான்பயணமும் நமக்கு அயலானதன்று. ஆயினும் பயணச்சீட்டுகளை நாம் எடுக்கும் முறையில் ஒரு பிழை இருக்கின்றது. தாய்க்கு ஒரு முகவரிடமும், பிள்ளைக்கு மலிவாகக் கிடைத்ததென்று வேறோரிடத்திலும் சீட்டு எடுக்கின்றனர். பி.என்.ஆர். எண் இரண்டாகிவிட்டால் தாயும் பிள்ளையும் கணிப்பொறிக்கு யாரோ எவரோ. ஆணையின் காவலும் அங்கே நின்றுவிடும். வீட்டில் கைப்பேசியில் சீட்டு எடுத்துத் தருபவர் பெரும்பாலும் நம் மாணவச் செல்வங்களே ஆதலின் அவர்களுக்குச் சொல்கின்றேன்: குழந்தையையும், உடன்செல்லும் தாய் தந்தையருள் ஒருவரையேனும் ஒரே எண்ணில் பதியுங்கள். குழந்தையின் பிறந்த நாளைப் பிழையின்றி இடுங்கள். 'இருக்கை தேர்வு செய்க' என்று திரை அச்சுறுத்தினாலும் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். பிரித்து வைத்திருந்தால் முகப்பிலேயே 2024ஆம் ஆண்டின் ஆணையைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், மைய அரசின் ஏர்சேவா தளத்தில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உள்ளது. வெளிநாட்டு நிறுவனத்தின் விமானமாயின், அந்நிறுவனத்தின் விதியை முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். அவ்வாணையின் சாரத்தைத் தமிழில் இரண்டே வரியில் பயணச்சீட்டின்மேல் அச்சிட்டால் இவ்வளவு சொல்ல வேண்டிய தேவையே எழாது.

சென்ற விடுமுறையில் என் மருமகள் பிள்ளைகளோடும் கணவரோடும் ஊர் வந்து திரும்பினாள். கைக்குழந்தையாயிருந்தவளுக்கு இப்போது தனி இருக்கை. இம்முறை மூவருக்கும் ஒரே எண்ணில் சீட்டு. ஒரு பைசா கூடுதலாகக் கட்டவில்லை. மூவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். எவரிடமும் எதுவும் கேட்க நேரவில்லை என்றாள். கணவரின் சீட்டு மட்டும் அவருடைய அலுவலகத்தின் வழியே தனியாக எடுக்கப்பட்டதனால் அவருக்கு எங்கோ பின்னால் இடம் கிடைத்ததாம். அதுபற்றி அவர் முறையிட்டாரா என்று கேட்டேன். "அவங்களா மாமா? ஏறினதும் தூங்கினவங்கதான், இறங்கும்போதுதான் எழுந்தாங்க" என்றாள்.